பங்கு ஏறியும் பணம் போவது ஏன்?

கேள்வி இது: “சார்ட்டைப் பார்த்து ஒரு பங்கு ஏறும் என்று கணிக்கிறேன். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கிறது. ஆனால் கால் ஆப்ஷன் வாங்கினால், பங்கு ஏறியும் பணம் போய்விடுகிறது. பங்கின் போக்கையும் சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, எந்த ஆப்ஷனில் இறங்குவது என்று எப்படி முடிவு செய்வது?”

சொற்களை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பங்கைக் குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட். அந்தக் குறித்த விலை ஸ்டிரைக், உரிமை தீரும் நாள் எக்ஸ்பைரி, உரிமைக்குக் கொடுக்கும் விலை பிரீமியம். இனி ஒரு கணக்கு. ஒரு பங்கு 1,500 ரூபாயில் இருக்கிறது. இன்று மாலை காலாண்டு முடிவு வரப்போகிறது. எக்ஸ்பைரிக்கு இன்னும் 14 நாள். 1,500 கால் 53 ரூபாய்க்கு விற்கிறது, வாங்குகிறீர்கள். முடிவு நன்றாக வருகிறது, மறுநாள் பங்கு 2 சதவீதம் ஏறி 1,530-க்கு வருகிறது. உங்கள் கணிப்பு சரி. திரையில் கால் விலையைப் பார்த்தால் 45 ரூபாய். எட்டு ரூபாய் நஷ்டம்.

யாரும் ஏமாற்றவில்லை. நேற்று அந்த 53 ரூபாய்க்குள் ‘முடிவு எப்படி வருமோ’ என்ற பதற்றத்தின் விலையும் சேர்ந்திருந்தது. முடிவு வந்ததும் அந்தப் பதற்றம் தீர்ந்தது, அதற்குரிய விலையும் கரைந்தது. முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை மல்லிகையை வாங்கி, கல்யாணம் முடிந்த மதியம் விற்கப் போனால் என்ன விலை கிடைக்குமோ அதுதான் இங்கும் கிடைக்கிறது. பூவில் குறையில்லை, வாங்கிய நேரம் அப்படி.

மேலே சொன்ன கணக்கில், பிரீமியத்துக்குள் பொதிந்திருந்த ஏற்ற இறக்கம், அதாவது சந்தையில் எல்லோரும் ஐ.வி. என்று சொல்வது, 45 சதவீதத்திலிருந்து 24 சதவீதத்துக்கு இறங்கியதாக வைத்துப் போட்டிருக்கிறேன். காலாண்டு முடிவை ஒட்டிச் சாதாரணமாக நடக்கிற அளவுதான் அது. ஆகவே ஆப்ஷன் வாங்குகிறவர் ஒன்றல்ல, இரண்டு பந்தயம் கட்டுகிறார். பங்கு எந்தப் பக்கம் போகும் என்பது ஒன்று. அது சந்தை ஏற்கெனவே எதிர்பார்த்து விலையில் ஏற்றி வைத்திருப்பதைவிட அதிகமாகப் போகுமா, குறைவாகப் போகுமா என்பது இன்னொன்று. நீங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடுகிறீர்கள். இரண்டாவதைக் கேட்காமலே பணம் கட்டிவிடுகிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு, ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டியில் விடை தேடுவது எளிது, ஏனென்றால் தேசிய பங்குச் சந்தையே இந்தியா விக்ஸ் என்ற குறியீட்டை வெளியிடுகிறது. நிஃப்டி ஆப்ஷன்களின் விலைகளை வைத்து, அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதை ஆண்டுக் கணக்குச் சதவீதமாக அது சொல்கிறது. அதை அன்றாடக் கணக்குக்குக் கொண்டுவர ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. விக்ஸை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு எதிர்பார்க்கும் அசைவு. விக்ஸ் 13, நிஃப்டி 25,000 என்றால் நாளொன்றுக்கு 0.8 சதவீதம், சுமார் 200 புள்ளிகள். ஒரு மாதத்துக்கு என்றால் 3.46-ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 3.75 சதவீதம், 940 புள்ளிகள். மூன்றில் இரண்டு முறை இந்த எல்லைக்குள்ளேயே நிற்கும் என்பது கணக்கின் பொருள்.

இப்போது உங்கள் கணிப்பை இந்த எண்ணின் பக்கத்தில் வையுங்கள். “ஒரு மாதத்தில் நிஃப்டி 300 புள்ளி ஏறும்” என்பது உங்கள் கணிப்பு என்றால், சந்தை இரண்டு பக்கமும் 940 புள்ளி ஆட்டத்துக்கு விலை வைத்திருக்கும்போது வெறும் கால் வாங்குவதில் பயன் என்ன? நீங்கள் சொன்னபடியே 300 புள்ளி ஏறினாலும் பிரீமியம் திரும்பக் கிடைப்பது சந்தேகம். அந்தக் கணிப்புக்கு வேறு ஆப்ஷன் அமைப்புகள் இருக்கின்றன, கீழே வருகிறேன்.

தனிப் பங்குகளுக்கு விக்ஸ் கிடையாது. தேசிய பங்குச் சந்தையின் ஆப்ஷன் பட்டியலில் ஒவ்வொரு ஸ்டிரைக்குக்கும் ஐ.வி. போட்டிருப்பார்கள். நடப்பு விலையை ஒட்டிய ஸ்டிரைக்கின் எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டு விதமாகப் பார்க்கிறேன். கடந்த ஓராண்டில் எத்தனை நாட்கள் ஐ.வி. இதைவிடக் குறைவாக இருந்தது? நூற்றுக்கு 80 நாட்கள் குறைவாக இருந்திருந்தால் இன்று பிரீமியம் கனம். 20 நாட்கள்தான் என்றால் மலிவு. அடுத்து, கடந்த ஒரு மாதத்தில் பங்கு உண்மையில் எவ்வளவு ஆடியது? ஆண்டுக் கணக்கில் உண்மை ஆட்டம் 20 சதவீதம், ஐ.வி. 30 சதவீதம் என்றால், யாரோ எதையோ எதிர்பார்த்துக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அது என்ன என்று தேடிப் பார்க்காமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. பெரும்பாலும் காலாண்டு முடிவுத் தேதியாக இருக்கும், சில சமயம் நீதிமன்றத் தீர்ப்பு, சில சமயம் நிறுவனம் கைமாறும் பேச்சு. காரணமே தெரியாத கனத்தைப் பார்த்தால் நான் ஒதுங்கிவிடுவேன். தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

போக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறோம். விலை, கடந்த 50 நாள் விலைகளின் சராசரிக்கு மேலே இருக்கிறதா, அந்தச் சராசரியும் மேல்நோக்கிப் போகிறதா, ஒவ்வொரு இறக்கமும் முந்தைய இறக்கத்துக்கு மேலேயே நின்று திரும்புகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஏறுமுகம். மூன்றும் தலைகீழ் என்றால் இறங்குமுகம். கலந்து வந்தால் போக்கு இல்லை. வாரச் சார்ட்டிலும் அதே விடை வந்தால் நம்பிக்கை கூடும். பதினைந்து குறிகாட்டிகளைத் திரையில் தொங்கவிட்டால் ஏதாவது ஒன்று நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போக்கும் ஏற்ற இறக்கமும் கைகோத்துக்கொண்டே போகும், சந்தை விழுந்தால் விக்ஸ் ஏறும் என்று பொதுவாக நினைக்கிறோம். எப்போதும் அப்படியில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் 26,277 என்ற உச்சத்தைத் தொட்ட நிஃப்டி, அக்டோபரிலிருந்து 2025 பிப்ரவரி வரை தொடர்ந்து ஐந்து மாதம் இறங்கி 22,125 பக்கம் முடிந்தது. 1996-க்குப் பிறகு இப்படி ஐந்து மாதத் தொடர் வீழ்ச்சி அதுவே முதல் முறை. அந்தக் காலம் முழுவதும் விக்ஸ் பெரும்பாலும் பதின்களிலேயே கிடந்தது. மெழுகுவர்த்தி உருகுவதுபோல மெதுவான இறக்கம். போக்கு தெளிவாகக் கீழே, பிரீமியமோ மலிவு. புட் வாங்குவதற்கு, அதிலும் ஒரு புட்டை வாங்கி அதற்குக் கீழே இன்னொன்றை விற்கும் ஸ்பிரெட்டுக்கு, அப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது. ஆனால் அந்த மாதங்களில் நான் பார்த்த பலர் ‘விக்ஸ் குறைவாகத்தானே இருக்கிறது, பயமில்லை’ என்று புட்டுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

விக்ஸ் குறைவு என்றால் ஆபத்து குறைவு என்று பொருளில்லை, காப்பீடு மலிவு என்றுதான் பொருள். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்கா புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தது. அடுத்து வந்த திங்கள்கிழமை, 7-ஆம் தேதி, நிஃப்டி 742 புள்ளி விழுந்தது. வெள்ளியன்று 14-க்குக் கீழே இருந்த விக்ஸ் ஒரே நாளில் 22-ஐத் தாண்டி முடிந்தது. வெறும் புட்டை விற்று வைத்திருந்தவர்களுக்கு விலை அசைவு ஒரு அடி, விக்ஸ் ஏறியது இன்னொரு அடி, தரகு நிறுவனம் கேட்ட கூடுதல் மார்ஜின், அதாவது பிணைத்தொகை, மூன்றாவது அடி.

ஆக, போக்கு இருக்கிறதா இல்லையா, பிரீமியம் கனமா மலிவா என்ற இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் எந்த அமைப்பு என்று தீர்மானிக்கிறேன். போக்கு தெளிவு, பிரீமியம் மலிவு என்றால் ஆப்ஷன் வாங்கலாம். வெறும் கால் அல்லது புட் வாங்குவதற்கு நியாயம் இருப்பது இந்த ஒரு நிலையில்தான். போக்கு தெளிவு, ஆனால் பிரீமியம் கனம் என்றால் ஸ்பிரெட். தொடக்கத்தில் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று 1,500 கால் ஆப்ஷனை 53-க்கு வாங்கியதோடு 1,560 கால் ஆப்ஷனை 29-க்கு விற்றிருந்தால் கையிலிருந்து போனது 24 ரூபாய்தான். மறுநாள் முதல் கால் 45, விற்ற கால் 15 அல்லது 16. வித்தியாசம் 29-க்குச் சற்று மேல். அதே பங்கு, அதே ஏற்றம், அதே ஐ.வி. சரிவு, நஷ்டம் ஐந்து ரூபாய் லாபமாக மாறிவிட்டது. கனமாக இருந்த ஒரு பொருளை வாங்கியதோடு கனமாக இருந்த இன்னொன்றை விற்றும் இருக்கிறோம், அதனால் சரிவு இரண்டு பக்கமும் ஈடாகிறது. பங்கு 1,600-க்கே தாவினாலும் 1,560-க்கு மேற்பட்ட ஏற்றத்தில் லாபம் வராது என்பது இதன் விலை. அந்த ஆசையை விட முடியாதவர்களுக்கு ஸ்பிரெட் ஒத்துவராது.

போக்கு இல்லை, பிரீமியம் கனம் என்றால் இரண்டு பக்கமும் விற்று, இரண்டு பக்கமும் பாதுகாப்பு வாங்கும் அயர்ன் காண்டார். அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பெரிய நிறுவனம், மெதுவாக நகரும் பங்கு என்று நம்பி முடிவு நாளைத் தாண்டி இதை வைத்திருக்காதீர்கள். 2024 ஜனவரி 16 மாலை எச்.டி.எஃப்.சி. வங்கியின் முடிவு வந்தது. மறுநாள் அந்தப் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்து, வங்கி நிஃப்டியையே 4 சதவீதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. அந்த வங்கிப் பங்கை ‘யானை மாதிரி அசைந்து போகும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

போக்கும் இல்லை, பிரீமியமும் மலிவு என்றால் நான் எதுவும் செய்வதில்லை. ஆண்டில் பல வாரங்கள் இப்படித்தான் கழியும். அந்த வாரங்களில்தான் பொழுதுபோகாமல் பெரும்பாலான நஷ்டங்கள் நடக்கின்றன என்பது என் அனுபவம்.

எனக்கு மிகவும் பிடித்த தருணம் ஒன்று உண்டு. நெடும்போக்கு ஏறுமுகம். நடுவில் நான்கைந்து நாள் சந்தை இறங்கி 50 நாள் சராசரிக்கு அருகில் வருகிறது. அந்த இறக்கத்தின் பயத்தில் விக்ஸ் 13-லிருந்து 18-க்கு ஏறியிருக்கிறது. போக்கு இன்னும் முறியவில்லை, பிரீமியம் மட்டும் கனத்திருக்கிறது. அதிலும் பயம் வந்தால் எல்லோரும் புட்டைத்தான் தேடுவார்கள் என்பதால், கீழ் ஸ்டிரைக் புட்டுகளின் ஐ.வி. பெரும்பாலும் கால் ஆப்ஷன்களுடையதைவிட உயர்ந்து நிற்கும். இந்த நேரத்தில் புட் ஸ்பிரெட் விற்கிறேன். நிஃப்டி 24,600, எக்ஸ்பைரிக்கு 20 நாள் என்று வைத்துக்கொண்டால், 24,000 புட்டை விற்று 23,700 புட்டை வாங்கினால் சுமார் 65 புள்ளி கையில் வரும். நிஃப்டி மேலும் 600 புள்ளி விழாதவரை அது எனக்கு.

இதில் மறைக்கக்கூடாத பக்கம்: தவறிப்போனால் 235 புள்ளி நஷ்டம். மூன்று முறை ஜெயித்ததை ஒரே தோல்வி தின்றுவிட்டு மேலும் கேட்கும். எனவே கடைசிவரை காத்திருப்பதில்லை. 65-க்கு விற்ற ஸ்பிரெட்டின் விலை 130-க்குப் போனால், கைக்கு வந்த அளவு நஷ்டம் வந்துவிட்டது என்று மூடிவிடுகிறேன். 25-க்கு இறங்கினால் மீதிக்கு ஆசைப்படாமல் அதையும் மூடிவிடுகிறேன். ஒரே இரவில் சந்தை தாவித் திறந்தால் 130-இல் மூட முடியாது என்பது தெரியும். அந்த நாளுக்காகத்தான் 23,700 புட் கையில் இருக்கிறது.

தேர்தல், பட்ஜெட் போன்ற நாட்களுக்கு மேலே சொன்ன நான்கு நிலைக் கணக்கு எதுவும் பொருந்தாது. 2024 மக்களவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். கருத்துக்கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று நிஃப்டி 733 புள்ளி ஏறியது. வாக்கு எண்ணிய 4-ஆம் தேதி 1,379 புள்ளி விழுந்தது. 5-ஆம் தேதி 735 புள்ளி மீண்டது. விக்ஸ் 4-ஆம் தேதி நடுவில் 30-ஐத் தாண்டி, மறுநாளே 20-க்குக் கீழே வந்துவிட்டது. 4-ஆம் தேதி மதியம் ‘இன்னும் விழும்’ என்று பதறிப் புட் வாங்கியவருக்கு மறுநாள் காலை விலையும் எதிராகப் போனது, ஐ.வி.யும் எதிராகப் போனது. நானும் ஆரம்ப காலத்தில் ஒரு பட்ஜெட்டுக்கு முந்தைய நாள், ‘எந்தப் பக்கம் போனாலும் லாபம்’ என்று காலும் புட்டும் சேர்த்து வாங்கிவைத்தேன். நிதியமைச்சர் பேசி முடிப்பதற்குள் இரண்டுமே பாதியாகிவிட்டன. சந்தை ஒரு பக்கம் போகத்தான் செய்தது, நான் கொடுத்த விலைக்குப் போதுமான தூரம் போகவில்லை.

இனி தேடும் வேலை. ஆப்ஷன் வர்த்தகம் அனுமதிக்கப்பட்ட பங்குகள் ஏறத்தாழ இருநூறு. அவ்வளவையும் பார்க்க வேண்டியதில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை வைத்தே முக்கால்வாசியைக் கழித்துவிடலாம். ஒரு கால் 12-க்குக் கேட்பார், 14.50-க்குக் கொடுப்பார் என்று நின்றால் அந்தப் பங்கு எவ்வளவு அழகான சார்ட்டாக இருந்தாலும் வேண்டாம். ஒரு ஸ்பிரெட்டில் நுழைய இரண்டு, வெளியேற இரண்டு என்று நான்கு முறை அந்த இடைவெளியில் பணம் போகும். மேலே காட்டிய ஐந்து ரூபாய் லாபம் அதிலேயே முடிந்துவிடும். இப்படிக் கழித்தபின் என் பட்டியலில் நிற்பவை இருபத்தைந்துக்குள். அவற்றுக்குத் தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுகிறேன்: போக்கு, ஐ.வி., கடந்த ஒரு மாத உண்மை ஆட்டம், அடுத்த முடிவுத் தேதி. அரை மணி நேர வேலை. நூறு பங்குகளை நொடியில் சலிக்கும் செயலிகள் உண்டு, வைத்திருக்கிறேன். ஆனால் கையால் எழுதும்போதுதான் ஒரு பங்கின் ஐ.வி. மூன்று நாளாகச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது.

எண்ணம் வந்ததும் இறங்குவதற்கு முன், பங்குச் சந்தையின் ஒழுங்காற்று அமைப்பான செபியின் ஆய்வு முடிவு ஒன்றையும் நினைவில் வையுங்கள். 2024 செப்டம்பரில் வந்தது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு முன்பேர, ஆப்ஷன் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்கள் அனைவரும் சார்ட் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். அதன்பின் செபி, குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது, ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டில்தான் வார எக்ஸ்பைரி என்று குறைத்தது. இதனால் ஒரு லாட்டில், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவில், செய்யும் பிழையும் பெரிதாகிவிட்டது. முதலீட்டில் 2 சதவீதத்துக்கு மேல் ஒரே அமைப்பில் போகக்கூடாது என்று வைத்தால், 24 ரூபாய் ஸ்பிரெட், லாட் 400 என்ற கணக்கில் அதிகபட்ச நஷ்டம் 9,600 ரூபாய். அதற்கே ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய் முதலீடு வேண்டும். ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். செய்யாதீர்கள், காகிதத்தில் எழுதிப் பழகுங்கள்.

கடைசியாக ஒன்று, தனிப் பங்கு ஸ்பிரெட் பிடிக்கிறவர்களுக்கு மட்டும். நிஃப்டி ஆப்ஷன் பணமாகத் தீரும். பங்கு ஆப்ஷன் 2019 முதல் பங்காகவே தீர்க்கப்படுகிறது. நம்முடைய 1,500, 1,560 ஸ்பிரெட்டை எக்ஸ்பைரி வரை விட்டுவைத்து, பங்கு 1,530-இல் முடிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். விற்ற கால் வெற்றாகப் போய்விடும். வாங்கிய கால் உயிரோடு இருக்கும், அதாவது 400 பங்குகளைத் தலா 1,500 ரூபாய் கொடுத்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். 9,600 ரூபாய் போட்டவர் 6 லட்சம் ரூபாய் கொண்டுவர வேண்டும். தரகு நிறுவனங்கள் கடைசி நான்கு நாட்களில் இதற்காக மார்ஜினைப் படிப்படியாக ஏற்றத் தொடங்கும். ஆகவே பங்கு ஸ்பிரெட் எதுவானாலும், லாபமோ நஷ்டமோ, அந்த நான்கு நாட்கள் தொடங்குவதற்கு முன்பே இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்தே மூடிவிடுங்கள். லாபமாக நிற்கும் ஒன்றை மட்டும் மூடிவிட்டு மற்றதைத் தொங்கவிட வேண்டாம்.